முதல் அடியில் குத்தும் குதிகால்

அதிகாலை ஐந்து மணிக்குச் சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் ஓடுகிறவர்களைக் கவனித்தால் மூன்று வகையினரைப் பார்க்கலாம். போலீஸ் வேலைக்கும் மத்தியப் படைகளின் வேலைக்கும் தயாராகும் இளைஞர்கள் ஒரு வகை. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, வாரா வாரம் தூரத்தைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள் இன்னொரு வகை. சர்க்கரையோ கொழுப்போ கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக ஷூ வாங்கியவர்கள் மூன்றாவது வகை. வயதும் வேகமும் வேறு வேறு. ஆனால் இந்த மூன்று தரப்பையும் பாதியிலேயே உட்கார வைக்கிற காரணங்களில் ஒன்று பொதுவானது. அது பாத வலி, அதிலும் முக்கியமாகக் குதிகால் வலி.

“காலையில எழுந்து முதல் அடி வைக்கும்போது சுருக்குன்னு குத்துது. பத்து நிமிஷம் நடந்தா சரியாயிடுது. சாயங்காலம் மறுபடியும் வந்துடுது.” எலும்பு மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் போகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். இந்த மூன்று வாக்கியங்களிலேயே நோய் என்னவென்று பாதி தெரிந்துவிடும்.

பத்துப் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது குதிகால் வலி வரும் என்பது மருத்துவ உலகில் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே குணமாகிவிடும். ஆனால் அந்த ஓராண்டுக்குள் உடற்தகுதித் தேர்வு நாள் கடந்துபோய்விடும். எக்ஸ்ரே, ஊசி, புது ஷூ என்று கையிலிருக்கும் பணமும் கரைந்துவிடும். வலி எங்கிருந்து வருகிறது, எதனால் வருகிறது என்று புரிந்துகொண்டால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

உள்ளங்காலின் பட்டை

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. இவற்றை வளைவாகத் தாங்கிப் பிடிப்பவற்றில் முக்கியமானது, குதிகால் எலும்பின் உட்புற அடியில் தொடங்கி ஐந்து விரல்களின் அடிவரை விரிந்து செல்லும் தடித்த நார்ப்பட்டை. மருத்துவத்தில் இதன் பெயர் பிளான்டார் ஃபேசியா.

இந்தப் பட்டை வேலை செய்யும் விதத்தை 1954-இல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விளக்கினார். கால் தரையை உந்தும்போது விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றன. அப்போது கிணற்று உருளையில் கயிறு சுற்றுவதுபோல் இந்தப் பட்டை விரல்களின் அடி மூட்டுகளைச் சுற்றி இழுபடுகிறது. இழுபட இழுபட, உள்ளங்காலின் வளைவு உயர்ந்து பாதம் விறைப்பாகிறது. தரையை உந்தித் தள்ள அந்த விறைப்புதான் உதவுகிறது. வெறுங்காலுடன் நின்றுகொண்டு கட்டைவிரலை மட்டும் கையால் மேலே தூக்கிப் பார்த்தால், உள்ளங்கால் வளைவு தானாக எழுவதை யாரும் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 140 முதல் 210 கிலோ வரை. நிமிடத்துக்கு 160 அடி என்ற கணக்கில் அரை மணி நேரம் ஓடினால் ஒவ்வொரு காலும் 2,400 முறை இந்தச் சுமையை வாங்குகிறது. பட்டை இதற்கென்றே அமைந்தது. பழக்கப்பட்ட சுமையை அது தாங்கும், மெல்ல மெல்லக் கூடும் சுமைக்கும் தன்னை வலுப்படுத்திக்கொள்ளும். திடீரென்று பழக்கத்தை மீறிய சுமை விழும்போதுதான் அதன் நார்களில் நுண்ணிய சிதைவு தொடங்குகிறது. உடல் அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த நாள் ஓட்டம் வந்துவிடுகிறது.

நெடுங்காலம் இதை ஓர் அழற்சி என்றே எல்லாரும் நினைத்தார்கள். பிளான்டார் ஃபேசைட்டிஸ் என்ற பெயரும் அப்படி வந்ததுதான். 2003-இல் அமெரிக்காவில் லெமான்ட் என்ற பாத மருத்துவரும் அவருடைய குழுவும், அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட 50 பேரின் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். நாட்பட்ட அந்த வலிக்காரர்களின் திசுக்களில் அழற்சிக்கான அடையாளம் தென்படவில்லை. நார்கள் நைந்து, ஒழுங்கு குலைந்திருந்தன. சிகிச்சையைப் பற்றிய பார்வையை மாற்றிய கண்டுபிடிப்பு இது. நாட்பட்ட குதிகால் வலியில் வலி மாத்திரை தற்காலிகமாக வலியை மறைக்கும், நைந்த நாரை அது வலுவாக்காது.

காலையில் முதல் அடி ஏன் குத்துகிறது என்பதற்கும் இங்கேதான் விடை. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தே இருப்பதால் பட்டையும் கெண்டைக்கால் தசையும் பல மணி நேரம் சுருங்கிய நிலையில் கிடக்கின்றன. எழுந்து நிற்கும் அந்த ஒரு நொடியில் முழு உடல் எடையும் அதை இழுக்கிறது. பத்து நிமிட நடையில் திசு இளகியதும் வலி அடங்குகிறது.

எக்ஸ்ரேயில் தெரியும் முள்

“எலும்பு வளர்ந்திருக்கு” என்று சொல்லக் கேட்டுப் பயந்துபோனவர்கள் ஏராளம். எக்ஸ்ரே படத்தில் குதிகால் எலும்பின் அடியில் சிறு முள் ஒன்று முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் குத்துகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது, கடும் வலி உள்ள பலருக்கு அது இல்லை. வலி முழுதாகப் போன பிறகும் முள் அப்படியே இருக்கும். ஆகவே முள்ளை வெட்டி எடுத்தால்தான் தீரும் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பது நல்லது.

ஓட்டத்துக்கு வெளியே இருக்கும் சுமை

மேற்குப் புறநகரின் ஓட்டக்காரர்கள் பலருக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு தொழிற்கூடங்கள், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலையோரக் கிடங்குகள் எல்லாம் நின்று வேலை செய்யும் இடங்கள். லேத் முன்னாலும் பிரஸ் முன்னாலும் எட்டு மணி நேரம் சிமென்ட் தரையில் நிற்பவர், அதற்கு முன்போ பின்போ ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறார். அவருடைய கைப்பேசி ஐந்து கிலோமீட்டரைத்தான் பதிவு செய்கிறது. அவருடைய குதிகாலுக்கு அந்த எட்டு மணி நேரமும் சேர்ந்த கணக்கு.

இது வெறும் ஊகமில்லை. 2003-இல் அமெரிக்காவில் ரிடில் என்பவரும் அவருடைய குழுவும் குதிகால் வலி உள்ள 50 பேரை, வலி இல்லாத 100 பேருடன் ஒப்பிட்டார்கள். வலியோடு தொடர்புடைய மூன்று காரணங்கள் தெளிவாகத் தெரிந்தன. கணுக்கால் மேல்நோக்கிச் சரியாக மடங்காமல் இறுகியிருப்பது முதலாவது, மூன்றிலும் இதுவே வலுவானது. உடல் எடை மிகுதி இரண்டாவது. வேலை நாளின் பெரும்பகுதியை நின்றபடியே கழிப்பது மூன்றாவது. நின்று வேலை செய்பவர்களுக்கு வலி வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடியிருந்தது.

வீட்டுத் தரையையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மொசைக், டைல்ஸ், கிரானைட் தரைகளில் நாம் வெறுங்காலுடன்தான் புழங்குகிறோம். சமையலறையில் அடுப்புக்கு முன் மணிக்கணக்கில் நிற்கும் பெண்களுக்கு, ஓடாமலே இந்த வலி வருவதற்கு இது ஒரு காரணம். கார்த்திகை முதல் நாள் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள், ஒரு மண்டலம் சாலையிலும் வேலைக்குப் போகிற இடத்திலும் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். ஜனவரி மாரத்தானுக்கு நீண்ட தூரம் ஓடிப் பழகும் வாரங்களும் அவைதான். விரதம் இருப்பவர்கள் அந்த வாரங்களில் ஓட்டத் தூரத்தைக் கூட்டாமல் வைத்துக்கொண்டால் குதிகால் தப்பும்.

வெயிலும் ஒரு வகையில் இதில் பங்கு வகிக்கிறது. சென்னையில் ஏழு மணிக்கெல்லாம் வெக்கை ஏறிவிடுவதால் எல்லாரும் ஐந்து மணிக்கே ஓடத் தொடங்குகிறார்கள். கட்டிலிலிருந்து இறங்கிக் கால் மணி நேரத்தில் ஓட்டம். பட்டை மிக இறுக்கமாக இருக்கும் நேரத்தில் அதற்கு மிகப் பெரிய வேலையைக் கொடுக்கிறோம். பத்து நிமிட நடையும் இருபது முறை குதிகால் உயர்த்தலும் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

ஏழு நிமிடத்துக்குள்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களில் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. மத்தியப் படைகளுக்கான காவலர் தேர்வில் ஆண்களுக்கு 5 கிலோமீட்டர், 24 நிமிடம். பெண்களுக்கு 1.6 கிலோமீட்டர், எட்டரை நிமிடம். ஆண்களுக்கான இரண்டு தேர்வுகளிலும் ஒரு கிலோமீட்டரை ஐந்து நிமிடத்துக்குள் கடக்கும் வேகம் வேண்டும். முறையான பயிற்சி பெற்றவருக்கு எட்டக்கூடிய இலக்குதான் இது.

பிரச்சினை பயிற்சியின் போக்கில் இருக்கிறது. எழுத்துத் தேர்வு முடியும்வரை மாதக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்து படித்தவர்கள், முடிவு வந்த மறுநாளே மைதானத்தில் இறங்குகிறார்கள். கேன்வாஸ் ஷூ போட்டோ வெறுங்காலுடனோ, தினமும் முழு வேகத்தில் ஓடுகிறார்கள். நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைக்கும் அதிக காலம் ஆகாது. நாரும் எலும்பும் புதிய சுமைக்கு வலுப்பெற மாதங்கள் ஆகும். மூச்சு பழகிவிட்டதாலேயே கால் பழகிவிட்டதாக நம்பி வேகத்தைக் கூட்டும் இடத்தில்தான் காயம் பிறக்கிறது.

எவ்வளவு கூட்டலாம்? 2025-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை ஒன்றரை ஆண்டு பின்தொடர்ந்தது. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டி ஓடியவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு தெளிவாகக் கூடியிருந்தது. இரு மடங்குக்கு மேல் கூட்டியவர்களின் நிலை இன்னும் மோசம். வாராந்திர மொத்தத் தூரத்தைவிட, ஒரே நாளில் எடுக்கும் பெரிய தாவல்தான் ஆபத்து என்று அந்த ஆய்வு காட்டியது. சென்ற மாதம் அதிகபட்சமாக 8 கிலோமீட்டர் ஓடியவர், நண்பர்கள் அழைத்தார்கள் என்பதற்காக இந்த ஞாயிற்றுக்கிழமை வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் 15 கிலோமீட்டர் ஓடக்கூடாது.

எல்லாக் குதிகால் வலியும் ஒன்றல்ல

1855-இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நீண்ட அணிவகுப்புக்குப் பின் இளம் சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அடிபட்ட தடயம் எதுவும் இல்லை. எக்ஸ்ரே வந்த பிறகு, 1897-இல்தான் காரணம் தெரிந்தது. பாதத்தின் நடு எலும்புகளில் மெல்லிய முறிவு விழுந்திருந்தது. திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில், குதிகால் எலும்பிலும்கூட, ஏற்படும் இந்த விரிசலை இப்போது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்கிறோம். புதிதாகப் படையில் சேர்ந்து பயிற்சி பெறுபவர்களிடம் இன்றும் இது அதிகம். மத்திய ரிசர்வ் போலீஸ் படையும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையும் இருக்கிற ஆவடியில் பயிற்சியாளர்கள் மறக்கக்கூடாத வரலாறு இது.

பட்டை வலி நடக்க நடக்கக் குறையும், எலும்பு விரிசல் வலி நடக்க நடக்கக் கூடும். இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், ஒரு விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே இடத்தில் வலித்தால், குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் அழுத்தும்போது உயிர் போகும் வலி வந்தால், ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம். “எக்ஸ்ரே நல்லாத்தான் இருக்கு” என்ற சொல்லை நம்பி ஓடினால் விரிசல் முழு முறிவாகிவிடும். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள்.

குதிகாலின் பின்புறம் வலித்தால் அது அகில்லிஸ் தசைநாண் சம்பந்தப்பட்டது. ஓட்டத்தில் உடல் எடையைப்போல் ஆறு மடங்குக்கு மேல் இழுவிசையைத் தாங்கும் நாண் அது. சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் இந்த நாணைப் பலவீனப்படுத்தி அறுந்துபோகக்கூடச் செய்யலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் மிகக் கடுமையான எச்சரிக்கை கொடுத்தது. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கி விழுங்குகிறவர்கள், அடுத்த வாரமே ஓட இறங்குவது ஆபத்து.

எட்டு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்து குதிகால் வலிக்கிறது என்றால், அது பெரும்பாலும் குதிகால் எலும்பின் வளர்ச்சித் தட்டில் வரும் வலி. 1912-இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவரின் பெயரால் செவர் நோய் என்பார்கள். வளர்ச்சி முடிந்ததும் தானே போய்விடும், அதுவரை விளையாட்டின் அளவைக் குறைத்தால் போதும். இரண்டு குதிகாலும் சேர்ந்து வலித்து, காலையில் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது மூட்டுவாத நோயின் அறிகுறியாக இருக்கலாம். எரிச்சலும் மரத்துப்போதலும் இருந்தால் நரம்பையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும்.

வாசற்படியில் ஒரு துண்டு

இப்போது சிகிச்சைக்கு வருவோம். செலவில்லாத இரண்டு பயிற்சிகளுக்கு ஆய்வுச் சான்று இருக்கிறது.

முதலாவதை அமெரிக்க எலும்பு மருத்துவர் டிஜியோவன்னியின் குழு 2003-இல் சோதித்தது. காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன்பே, கட்டிலில் உட்கார்ந்தபடி வலிக்கும் காலை மறுதொடையின் மேல் போட்டுக்கொள்ள வேண்டும். கையால் விரல்களைப் பிடித்து முழங்காலை நோக்கி மேலே இழுக்க வேண்டும். மறுகைக் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை கம்பிபோல விறைத்திருப்பது தெரியும். பத்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். இப்படிப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. கெண்டைக்காலை மட்டும் நீட்டிப் பயிற்சி செய்தவர்களைவிட, இதைச் செய்தவர்களுக்கு எட்டு வாரத்தில் நல்ல முன்னேற்றம் இருந்தது. நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் இதைச் செய்யலாம். பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு முன் செய்தாலும் பலன் உண்டு.

இரண்டாவது, டென்மார்க்கில் ராத்லெஃப் குழு 48 பேரிடம் சோதித்து 2014-இல் வெளியிட்டது. வீட்டு வாசற்படியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதன்மேல் விரல்கள் மடங்கி ஏறும்படி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். சுவரையோ கைப்பிடியையோ பிடித்துக்கொள்ளலாம். மூன்று எண்ணி மேலே எழுந்து, இரண்டு எண்ணும்வரை நின்று, மூன்று எண்ணிக் கீழே இறங்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 12 முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். எளிதாகிவிட்டால் முதுகில் பையை மாட்டி அதில் புத்தகங்களைப் போட்டுச் சுமையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மூன்று மாத முடிவில், வெறுமனே நீட்டிப் பயிற்சி செய்தவர்களைவிட இவர்களின் வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஓராண்டு முடிவில் இரு குழுக்களும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்துவிட்டன. அதாவது, இந்தப் பயிற்சி குணத்தை முன்கூட்டியே கொண்டுவருகிறது. தேர்வு நாள் நெருங்குகிறவருக்கு அந்த மாதங்கள் பெரிய விஷயம்.

அகில்லிஸ் நாண் வலிக்கும் இதே தத்துவம்தான். 1998-இல் ஸ்வீடனில் ஆல்ஃப்ரெட்சன், நாட்பட்ட வலியால் ஓட்டத்தை விட்டிருந்த 15 பேரைப் படியின் விளிம்பில் நிறுத்தி, குதிகாலை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியைக் கொடுத்தார். நாளொன்றுக்கு 180 முறை, 12 வாரம். பதினைந்து பேரும் மறுபடி ஓடத் தொடங்கினார்கள். வலி நாணின் நடுப்பகுதியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். எலும்போடு நாண் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால், படிக்குக் கீழே குதிகாலை இறக்காமல் சமதரையில் செய்ய வேண்டும்.

ஓட்டத்தை முற்றிலும் நிறுத்த வேண்டுமா? எலும்பு விரிசல் இல்லை என்று உறுதியானால் பெரும்பாலும் தேவையில்லை. அகில்லிஸ் வலி உள்ளவர்களிடம் ஸ்வீடனில் நடந்த இன்னோர் ஆய்வு இதைக் காட்டியது. பத்துக்கு மதிப்பெண் போட்டால் வலி ஐந்தைத் தாண்டக்கூடாது, மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற விதியோடு ஓடியவர்களும், ஓடாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். பல பிசியோதெரபிஸ்ட்டுகள் இந்த விதியைக் குதிகால் வலிக்கும் பயன்படுத்துகிறார்கள். மறுநாள் காலை முதல் அடியில் வலி கூடியிருந்தால் நேற்றைய ஓட்டம் அதிகம் என்று பொருள், அடுத்த ஓட்டத்தில் தூரத்தைக் குறைக்க வேண்டும்.

செருப்பு, செங்கல், ஊசி

குதிகால் வலி என்றதும் தமிழ்நாட்டு மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பது எம்.சி.ஆர். செருப்பு. இதன் பின்னணி நம் ஊருக்குப் பெருமை சேர்ப்பது. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வராமல் காக்க மெத்தென்ற ரப்பர் காலணிகளை உருவாக்கினார்கள். அந்த நுண்துளை ரப்பர்தான் பின்னர் சர்க்கரை நோயாளிகளுக்கும் குதிகால் வலிக்காரர்களுக்கும் வந்து சேர்ந்தது. வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் அன்றாட வலி குறையும். பட்டையை வலுப்படுத்தும் வேலையை மட்டும் பயிற்சிதான் செய்ய வேண்டும்.

ஓடும் ஷூவைப் பொறுத்தவரை, பாத வளைவுக்கு ஏற்ப ஷூ தேர்ந்தெடுத்தால் காயம் குறையும் என்ற விளம்பரத்தை நம்பத் தேவையில்லை. அமெரிக்க ராணுவப் பயிற்சியாளர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் அப்படிக் கொடுத்த ஷூக்கள் காயத்தைக் குறைக்கவில்லை. போட்டு நடக்கும்போது இதமாக இருக்கிற, குதிகால் அடியில் தேய்ந்துபோகாத ஷூ போதும். ஆயிரக்கணக்கில் செலவழித்து அளவெடுத்துச் செய்யும் இன்சோல்களும், கடையில் கிடைக்கும் சாதாரண இன்சோல்களும் ஓராண்டு முடிவில் ஏறத்தாழ ஒரே பலனைத்தான் தருகின்றன என்று 2006-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு காட்டியது.

தட்டைப் பாதம் மத்தியப் படைகளின் மருத்துவத் தேர்வில் தகுதியிழப்புக்குக் காரணமாவதால் பெற்றோர் பலர் கவலைப்படுகிறார்கள். கர்நாடகத்தில் ராவ், ஜோசப் என்ற மருத்துவர்கள் 2,300 பிள்ளைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட முடிவு கவனத்துக்குரியது. செருப்பு அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது, வெறுங்காலுடன் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கே. பாத வளைவு உருவாகும் வயதில் பிள்ளைகள் மண்ணிலும் மணலிலும் வெறுங்காலுடன் விளையாடுவது நல்லது.

செங்கல்லைச் சூடாக்கி, மேலே எருக்கம் இலை போட்டு, குதிகாலால் மிதித்து ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் இன்றும் உண்டு. சூடு தசையை இளக்கி வலியைத் தணிக்கும், அந்த அளவில் அது நல்லதுதான். ஆனால் சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள் இதைச் செய்யவே கூடாது. சூடு தெரியாமல் குதிகால் வெந்து, ஆறாத புண்ணில் போய் முடியும். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆகவே ஒத்தடத்துக்கு முன் சர்க்கரை அளவைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தரும். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும், குதிகாலின் அடியிலுள்ள கொழுப்பு மெத்தை மெலிந்துபோகவும் வாய்ப்புண்டு. சர்க்கரையும் சில நாட்களுக்கு ஏறும். வலி மறைந்த தைரியத்தில் மறுநாளே 1,500 மீட்டரை முழு வேகத்தில் ஓடுவதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து. மூன்று மாதம் பயிற்சி செய்தும் குறையாதபோது, அதிர்வலை சிகிச்சை உள்ளிட்ட மற்ற வழிகளை மருத்துவரோடு பேசலாம். ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் தொழிலாளர்கள் தனியார் ஸ்கேன் மையத்துக்கு ஓடுவதற்கு முன், அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் உள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் அவர்களைப் பயிற்றுவிப்பவர்களும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. எழுத்துத் தேர்வுக்குப் புத்தகம் எடுக்கும் நாளிலேயே ஓட்டத்தையும் தொடங்குங்கள். வாரத்துக்கு மூன்று நாள், பேச முடிகிற வேகத்தில் இருபது நிமிடம். அதோடு வாசற்படியில் குதிகால் உயர்த்தும் பயிற்சி. தொழிற்சாலை மேலாளர்கள் இயந்திரத்தின் முன்னால் நிற்பவருக்கு ஒரு ரப்பர் விரிப்பும், இரண்டு மணிக்கொருமுறை ஐந்து நிமிடம் உட்கார ஒரு ஸ்டூலும் கொடுங்கள். ஏற்கெனவே காலையில் முதல் அடி குத்துகிறதென்றால், இன்றைய ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, நாளைக் காலை கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் விரல்களை இழுத்துப் பிடிப்பதிலிருந்து தொடங்குங்கள். மூன்று மாதம் விடாமல் செய்தால் பெரும்பாலானோருக்கு ஊசியோ கத்தியோ தேவைப்படாது.